வாரண்டியில் பாகம் இலவசம்; கழற்றிப் பொருத்தும் கூலி யார் கணக்கில்?

கேள்வி: கும்பகோணத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை நான். எங்களிடம் ஒன்பது வருடப் பழைய சிறிய கார் ஒன்று இருக்கிறது. ஐந்து மாதங்களுக்கு முன் கிளட்ச் தேய்ந்துவிட்டதால், நெடுநாளாக எங்கள் வண்டியைப் பார்த்துவரும் மெக்கானிக்கே கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் அடங்கிய செட்டை வாங்கிவந்து மாற்றிக் கொடுத்தார். பாகங்களுக்கு 7,200 ரூபாய், கூலி 4,500, கியர் ஆயில் 900 என மொத்தம் 12,600 ரூபாய்க்கு ஒரே பில் தந்தார். 3,800 கிலோமீட்டர் ஓடிய நிலையில், கிளட்ச்சை மிதித்தாலே கரகரவென்று சத்தம் வரத் தொடங்கியது. கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்ததில் ரிலீஸ் பேரிங் போய்விட்டது தெரிந்தது. ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் மறுபேச்சில்லாமல் புதிய பேரிங் கொடுத்துவிட்டார். ஆனால் மெக்கானிக், கூலியும் ஆயிலும் சேர்த்து மறுபடியும் 5,400 ரூபாய் கேட்கிறார். ‘கம்பெனிப் பொருள் கெட்டதற்கு நான் என்னம்மா செய்வேன்?’ என்கிறார். கடைக்காரர் வாரண்டி அட்டையைக் காட்டி, கூலி அதில் சேராது என்கிறார். சென்னையில் இருக்கும் என் மருமகனோ, புதிய நுகர்வோர் சட்டத்தில் ‘பொருள் பொறுப்பு’ என்று ஓர் அத்தியாயமே இருக்கிறது, அதன்படி கம்பெனிதான் எல்லாவற்றையும் தரவேண்டும் என்கிறார். வண்டி இப்போது ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது. பணத்தை யார் தரவேண்டும்?

வழக்கறிஞரின் பதில்:

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

நீங்கள் எழுதியிருப்பதை அப்படியே வைத்துப் பார்த்தால், இரண்டாம் முறைக் கூலி உங்களைச் சேர்ந்ததன்று. அதை முதலில் ஏற்க வேண்டியவர் மெக்கானிக். அவர் தம் கையிலிருந்து செலவழித்ததைக் கடைக்காரரிடமும், கடைக்காரர் வழியாக நிறுவனத்திடமும் கேட்டுப் பெற்றுக்கொள்வது அவர்களுக்குள் தீர்க்கப்பட வேண்டிய கணக்கு. இந்த முடிவுக்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு: பேரிங் கெட்டதற்கு உங்கள் ஓட்டும் முறை காரணமாக இருக்கக்கூடாது. அதைப் பின்னர் பார்ப்போம்.

உங்கள் கையில் இருக்கும் ஆவணங்களில் மிகவும் பயனுள்ளது, எல்லோரும் தூக்கிக் காட்டும் அந்த வாரண்டி அட்டை அல்ல. 12,600 ரூபாய்க்கு மெக்கானிக் கொடுத்த பில்தான். பாகத்தின் விலை, கூலி, ஆயில் மூன்றையும் ஒரே தாளில் எழுதி மொத்தமாகப் பணம் வாங்கியவர், கூலிக்கு வேலை செய்தவர் மட்டுமல்லர். உங்களைப் பொறுத்தவரை அந்தக் கிளட்ச் செட்டை விற்றவரும் அவரே. கடைக்காரர் யார், அவர் மெக்கானிக்குக் கழிவு கொடுத்தாரா, நிறுவனத்தின் விநியோகஸ்தர் எந்த ஊரில் இருக்கிறார் என்பவை எதுவும் உங்கள் ஒப்பந்தத்துக்குள் வருவதில்லை. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, வாங்குபவர் ஒரு பொருள் எதற்குத் தேவை என்பதைத் தெரிவித்து, விற்பவரின் திறமையை நம்பி வாங்கும்போது, அந்தப் பொருள் அந்தத் தேவைக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை, எழுதப்படாவிட்டாலும் எழுதியதாகவே கொள்கிறது. எந்த நிறுவனத்தின் செட் நல்லது என்று நீங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. அவர் தேர்ந்தெடுத்தார், நீங்கள் நம்பினீர்கள். ‘நான் என்ன செய்வேன்’ என்ற அவருடைய கேள்வியில் மனித நியாயம் இருக்கலாம். சட்ட நியாயம் இல்லை.

இதே நிகழ்ச்சியில் ஒரு சிறு மாற்றம் இருந்திருந்தால் என் பதிலும் மாறியிருக்கும். நீங்களோ உங்கள் மருமகனோ நேரே கடைக்குப் போய், அல்லது இணையத்தில் தேடி, விலை குறைவாகக் கிடைக்கிறதே என்று செட்டை வாங்கி மெக்கானிக்கிடம் கொடுத்து ‘இதைப் போட்டுவிடுங்கள்’ என்று சொல்லியிருந்தால், அவர் விற்றது தம் உழைப்பை மட்டுமே. அந்த உழைப்பில் குறை இல்லாதவரை, இரண்டாம் முறை உழைத்தால் இரண்டாம் முறை கூலி கேட்க அவருக்கு முழு உரிமை உண்டு. அப்போது நீங்கள் கூலியைக் கொடுத்துவிட்டு, அதை இழப்பாகக் காட்டிக் கடைக்காரரிடமும் நிறுவனத்திடமும் கேட்க வேண்டியிருக்கும். பாகத்தை நாமே வாங்கிக் கொடுத்தால் சில நூறு ரூபாய் மிச்சமாகும் என்பது உண்மை. பழுது வந்தால் பொருத்தியவர் கடைக்காரரைக் கைகாட்ட, கடைக்காரர் பொருத்தியவரைக் கைகாட்ட, நடுவில் நாம் நிற்க வேண்டியிருக்கும் என்பதும் அந்த மிச்சத்தோடு சேர்ந்தே வருவது. கியர்பாக்ஸையோ எஞ்சினையோ இறக்க வேண்டிய வேலைகளில், பாகமும் கூலியும் ஒரே பில்லில் இருப்பதையே நான் விரும்புவேன்.

இனி வாரண்டி அட்டைக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய படத்தில், பெட்டிக்குள் நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்த அந்தத் தாளில், உற்பத்திக் குறைபாடு உள்ள பாகம் ஆறு மாதம் அல்லது 10,000 கிலோமீட்டர், இவற்றில் எது முன்னதோ அதுவரை மாற்றித் தரப்படும் என்றும், கழற்றிப் பொருத்தும் கூலி, எண்ணெய், வண்டியை இழுத்துச் செல்லும் செலவு ஆகியவை இதில் அடங்கா என்றும் இருக்கிறது. இந்த வாசகம், நிறுவனம் தானாக முன்வந்து தரும் வாக்குறுதியின் எல்லையைச் சொல்கிறது. அந்த வாக்குறுதிக்கு வெளியே சட்டம் உங்களுக்குத் தரும் உரிமை இதனால் தானாகவே அழிந்துவிடுவதில்லை. சரக்கு விற்பனைச் சட்டத்தின் 62ஆம் பிரிவின்படி, சட்டம் சேர்க்கும் நிபந்தனைகளை இரு தரப்பும் வெளிப்படையாக ஒப்புக்கொண்டு விலக்கி வைக்க முடியும் என்பது உண்மைதான். ஆனால் மெக்கானிக்கின் மேசையில் பிரிக்கப்பட்டு, பணம் கொடுத்து வண்டியை எடுக்கும்போதுகூட உங்கள் கண்ணில் படாத ஒரு தாளை, உங்களுக்கும் அவருக்கும் இடையே ஏற்பட்ட வெளிப்படையான உடன்பாடு என்று வாதிடுவது எளிதன்று. அதில் இருப்பது நிறுவனத்தின் பெயர். மெக்கானிக்கின் பெயர் எங்கும் இல்லை. தம்முடைய பில்லில் ‘கூலிக்கு வாரண்டி இல்லை’ என்று அவர் அச்சிட்டிருந்தால் அவர் வாதம் கொஞ்சம் வலுப்பெற்றிருக்கும். உங்கள் பில்லில் அப்படி ஒரு வரி இல்லை.

கூலியையும் விற்றவரே ஏற்க வேண்டும் என்று நேரடியாகச் சொல்லும் சட்டங்கள் வேறு நாடுகளில் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2011ஆம் ஆண்டில், ஒட்டிய பிறகு குறை தெரிந்த தரைக் கற்கள் பற்றிய வழக்கையும் பாத்திரம் கழுவும் இயந்திரம் பற்றிய வழக்கையும் சேர்த்து விசாரித்து, குறையுள்ள பொருளை அகற்றுவதும் மாற்றுப் பொருளைப் பொருத்துவதும் அல்லது அவற்றின் செலவும் விற்றவரையே சேரும் என்று தீர்ப்பளித்தது. பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம், பழுது நீக்கவும் மாற்றித் தரவும் ஆகும் கூலியை வணிகரே ஏற்க வேண்டும் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. நம்முடைய 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அத்தகைய வரி இல்லை. இருந்திருந்தால் உங்கள் கடிதத்துக்கு நான் நான்கு வரியில் பதில் எழுதியிருப்பேன். இங்கே நாம் இரண்டு மூன்று சட்டங்களைச் சேர்த்துக் கட்டித்தான் அதே இடத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவு, ஒப்பந்தத்தை மீறியதால் இயல்பான போக்கில் ஏற்படும் இழப்புக்கு ஈடு தரவேண்டும் என்கிறது. ரிலீஸ் பேரிங் கியர்பாக்ஸுக்கும் எஞ்சினுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் பாகம். அது கெட்டால் கியர்பாக்ஸை இறக்காமல் கையே போகாது என்பது எந்த மெக்கானிக்குக்கும் தெரியும். ஆகவே கெட்ட பேரிங்கை விற்பதால் இறக்கி ஏற்றும் கூலி விளையும் என்பதைவிட இயல்பான இழப்பு வேறு இருக்க முடியாது. அதனோடு, நுகர்வோர் சட்டத்தின் 39ஆம் பிரிவு, பொருளின் குறையையோ சேவையின் குறைபாட்டையோ நீக்கித் தரும்படியும், கவனக்குறைவால் நேர்ந்த இழப்புக்கு ஈடு தரும்படியும் உத்தரவிட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது.

உங்கள் மருமகன் சொல்லும் அத்தியாயம் இருக்கிறது. ஆறாவது அத்தியாயம், 82 முதல் 87 வரையிலான பிரிவுகள். ஆனால் அது இந்தப் பணத்துக்குப் பயன்படாது. அந்த அத்தியாயத்தின் கீழ் ஈடு கேட்க ‘தீங்கு’ நேர்ந்திருக்க வேண்டும். பழுதான பொருளால் ஒருவருக்குக் காயம் ஏற்படுவதும் வேறு சொத்து சேதமடைவதும் அதில் வரும். பொருளுக்கே நேர்ந்த சேதம், வாரண்டி நிபந்தனை மீறப்பட்டதால் வரும் சொத்துச் சேதம், வெறும் பொருளாதார இழப்பு ஆகியவற்றை 2(22)ஆம் பிரிவு வெளிப்படையாகவே விலக்கி வைத்திருக்கிறது. கிளட்ச் கைவிட்டதால் வண்டி எங்காவது மோதியிருந்தால் அவர் வாதம் பொருந்தியிருக்கும். நல்லவேளையாக அப்படி நடக்கவில்லை.

இப்போது முதலில் சொன்ன நிபந்தனை. பேரிங் ஏன் போயிற்று? இதற்கு மூன்று வகைக் காரணங்கள் இருக்கலாம். முதலாவது, பேரிங்கே சரியில்லாமல் வந்திருக்கலாம். கிரீஸ் போதாமை, சீல் சரியாக உட்காராமை போன்றவை. இரண்டாவது, பொருத்தியதில் தவறு இருக்கலாம். பேரிங் முன்னும் பின்னும் நகரும் குழாய் தேய்ந்திருந்தும் அதை மாற்றாமல் புதிய பேரிங்கை அதன்மேலேயே ஏற்றுவது, பேரிங்கைத் தள்ளும் ஃபோர்க்கின் தேய்மானத்தைக் கவனிக்காமல் விடுவது, ஆயில் சீல் கசிவதைப் பார்த்தும் மூடிவிடுவது ஆகியவை வழக்கமாக நடப்பவை. மூன்றாவது, ஓட்டுபவர் கிளட்ச் பெடலின்மேல் எப்போதும் காலை வைத்தபடியே ஓட்டுவது, மேட்டில் பிரேக் பிடிக்காமல் கிளட்ச்சிலேயே வண்டியை நிறுத்திவைப்பது. கெட்ட பேரிங்கைப் பார்த்தால் ஓரளவு தெரியும்: பிரஷர் பிளேட்டின் விரல்கள் உரசும் முகத்தில் தேய்மானம் ஒரு பக்கமாக மட்டும் ஆழமாக இருந்தால், அது நேராக உட்காரவில்லை என்று சந்தேகிக்கலாம், சுற்றிலும் சமமாக நீலம் பாய்ந்து வெந்த நிறத்தில் இருந்தால், இடைவிடாத உரசலோ கிரீஸ் இல்லாமையோ காரணமாக இருக்கலாம், முகம் சுத்தமாக இருந்து, கையால் சுற்றும்போது மட்டும் உள்ளே குண்டுகள் தடதடத்தால் பேரிங்கின் உள்ளேயே குறை என்று வாதிட இடமுண்டு. இவை எல்லாம் அறிகுறிகளே. ஆணையத்தின் முன் தகராறானால் 38ஆம் பிரிவின்படி உரிய ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்க வழியுண்டு, அதன் கட்டணத்தை முதலில் புகார்தாரரைக் கட்டச் சொல்வார்கள்.

உங்கள் வழக்கில் இந்த ஆராய்ச்சி அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். கடைக்காரர் வாரண்டியின் கீழ் புதிய பேரிங் தந்துவிட்டார் என்பதே, உற்பத்திக் குறைபாட்டை அந்தத் தரப்பு ஏற்றுக்கொண்டதற்கு அடையாளம். ‘உங்கள் ஓட்டும் முறைதான் காரணம்’ என்று இனிமேல் யாராவது சொன்னால், அப்படியானால் ஏன் மாற்றித் தந்தீர்கள் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். பொருத்தியதில் தவறு என்று கடைக்காரர் சொன்னாலோ, அந்தத் தவறு மெக்கானிக்குடையது. கூலி அப்போதும் உங்களுக்கு வராது. இரண்டு காரணங்களில் எது உண்மையானாலும் உங்கள் நிலை ஒன்றுதான். இதைத்தான் மெக்கானிக்குக்கும் நீங்கள் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

அதற்கு முன் உடனே செய்ய வேண்டிய ஒன்று உண்டு. கெட்ட பேரிங் இன்னும் கடைக்காரரிடம் இருந்தால் அதைத் திருப்பி வாங்க முடியாமல் போகலாம். ஆனால் அதைப் பெற்றுக்கொண்டதற்கும் மாற்றித் தந்ததற்கும் தேதியிட்ட ஒரு சீட்டைக் கேட்டு வாங்குங்கள். முடிந்தால் அதன் வெளிவளையத்தில் பொறித்திருக்கும் எண்ணும், பழைய பெட்டியின் ஒட்டுத்தாளில் இருக்கும் தொகுதி எண்ணும் தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். அட்டைப் பெட்டியை வீட்டில் யாரும் குப்பையில் போட்டுவிடவில்லை என்று நம்புகிறேன்.

அடுத்து, வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் அவசரப்பட்டுச் சண்டை வேண்டாம். ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவு, ஒரு பொருளின்மேல் உழைப்பைச் செலுத்தியவர், தமக்கு உரிய கூலி வரும்வரை அந்தப் பொருளைத் தம்மிடம் வைத்துக்கொள்ள அனுமதிக்கிறது. இந்தக் கூலி அவருக்கு உரியதா என்பதே நம் வழக்கு என்றாலும், அது முடியும்வரை வண்டி அங்கேயே நிற்பது உங்களுக்குத்தான் நட்டம். தவிர, இழப்பைக் குறைத்துக்கொள்ளத் தம்மால் இயன்றதைச் செய்ய வேண்டிய பொறுப்பு பாதிக்கப்பட்டவருக்கும் உண்டு. மூன்று மாதம் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோவுக்கும் டாக்சிக்கும் ஆன செலவை எல்லாம் கேட்டால் ஆணையம் முகம் சுளிக்கும். ஆகவே பேசிப் பார்த்தும் அவர் இறங்கிவரவில்லை என்றால், பணத்தைக் கொடுத்து வண்டியை எடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது பில்லின் இரு பிரதிகளிலும் உங்கள் கையால் ‘வாரண்டிக் காலத்துக்குள் பழுதான பாகத்துக்கான இந்தக் கூலியை, திரும்பப் பெறும் என் உரிமையை விட்டுக்கொடுக்காமல் செலுத்துகிறேன்’ என்று எழுதி, தேதியிட்டுக் கையெழுத்திடுங்கள். ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகவோ யூபிஐ வழியாகவோ செலுத்துங்கள். இந்த ஒரு வரி இல்லாமல் கொடுத்த பணத்தை, ‘மனமுவந்து தந்தார்கள்’ என்று பின்னர் எளிதாகச் சொல்லிவிடுவார்கள்.

இன்னொரு நுணுக்கம். கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும் வேளையில், ‘இதையும் சேர்த்து மாற்றிவிடலாமே’ என்று ஆயில் சீல், ஃபோர்க் என்று எதையாவது மாற்றினால், அந்த வேலைக்கான தொகை தனி வரியில் இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரே கூலியில் போட்டுவிட்டால், எதற்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாமல், நியாயமாக வரவேண்டிய தொகையும் சேர்ந்து கரைந்துவிடும். கியர் ஆயிலைப் பொறுத்தவரை, இறக்கும்போது வடித்ததைச் சுத்தமான பாத்திரத்தில் பிடித்திருந்தால், ஐந்து மாதமே ஓடிய அந்த எண்ணெயை மறுபடி ஊற்றுவதில் பெரும்பாலும் தவறில்லை. அந்த 900 ரூபாயைப் பற்றி அவரிடம் முதலிலேயே கேளுங்கள்.

பிறகு கடிதம். வக்கீல் நோட்டீஸ் தேவையில்லை. நீங்களே தமிழில் எழுதலாம். மெக்கானிக்குக்கு முகவரியிட்டு, பிரதிகளைக் கடைக்காரருக்கும் அட்டையில் உள்ள நிறுவன முகவரிக்கும் ஒப்புகையுடன் அனுப்புங்கள். இவ்வளவு போதும்: ‘இன்ன தேதியில், இன்ன எண்ணுள்ள பில்லின்படி நீங்கள் விற்றுப் பொருத்திய கிளட்ச் செட்டின் ரிலீஸ் பேரிங், ஐந்து மாதத்தில், 3,800 கிலோமீட்டரில் பழுதாகி, வாரண்டியின் கீழ் மாற்றித் தரப்பட்டுள்ளது. அதைப் பொருத்த என்னிடம் மறுபடியும் வசூலித்த 5,400 ரூபாயை 15 நாட்களுக்குள் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். தவறினால் உங்கள் மூவரையும் எதிர்தரப்பினராகச் சேர்த்துத் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுக நேரிடும்.’ வசவு, சாபம், மருத்துவச் செலவு, மன உளைச்சலுக்கு லட்ச ரூபாய் எதுவும் வேண்டாம். இப்படி ஒரு கடிதம் நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தால், அட்டையில் என்ன எழுதியிருந்தாலும், விநியோகஸ்தர் வழியாகக் கூலியின் ஒரு பகுதியைக் கொடுத்து முடித்துக்கொள்வது உண்டு; மெக்கானிக் தனியாகக் கேட்டால் கிடைக்காதது உங்கள் கடிதத்தின் பேரில் அவருக்குக் கிடைக்கக்கூடும். அவர் எதிரியல்லர் என்பதைக் கடிதம் கொடுக்கும்போது சொல்லியே கொடுங்கள்.

பதில் வரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். அது தீர்ப்பு வழங்கும் இடமன்று, ஆனால் நிறுவனங்களிடம் புகாரைக் கொண்டுசேர்க்கும். அதற்கும் அசையாவிட்டால் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். பொருளுக்கும் சேவைக்கும் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்டால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் இல்லாமலே நீங்கள் நேரில் பேசலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. பேசித் தீர்க்க வாய்ப்பிருப்பதாகத் தெரிந்தால், இரு தரப்பின் சம்மதத்தோடு ஆணையமே சமரச மையத்துக்கும் அனுப்பும். ‘கூலி சேராது’ என்ற வாசகமே நியாயமற்ற ஒப்பந்தம் என்று அறிவிக்கக் கேட்பது மாநில ஆணையத்தின் வேலை. 5,400 ரூபாய்க்காக அந்தப் படி ஏற வேண்டாம்.

என் சொந்த அபிப்பிராயத்தைக் கேட்டால், மெக்கானிக் கூலியை முழுவதும் விட்டுக்கொடுத்து ஆயிலுக்கு மட்டும் பணம் கேட்டாலோ, பாதிக் கூலிக்கு ஒப்புக்கொண்டாலோ, அதை ஏற்றுக்கொள்வதில் குறைவு எதுவும் இல்லை. ஒரு நாள் முழுக்க வண்டிக்கு அடியில் படுத்துச் செய்யும் வேலை அது; சட்டப்படி அவர் பொறுப்பாளி என்றாலும், பேரிங்கைச் செய்தவர் அவர் அல்லர். சமரசம் எதுவானாலும் அதை இரண்டு வரியில் எழுதி இருவரும் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள்.

கார் நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற ஒர்க்‌ஷாப்பில் இந்த வேலை நடந்திருந்தால் எப்படி என்று பிற வாசகர்கள் கேட்கக்கூடும். அங்கேயே வாங்கி அங்கேயே பொருத்திய பாகத்துக்குக் கூலியையும் சேர்த்து ஏற்பதும், கவுண்டரில் வாங்கி வெளியே பொருத்திய பாகத்துக்குப் பாகத்தை மட்டும் தருவதும் பரவலான வழக்கம். ஜாப் கார்டில் கையெழுத்திடுவதற்கு முன், மாற்றும் பாகத்துக்கு எத்தனை மாதம், கூலியும் சேர்ந்ததா என்று சர்வீஸ் அட்வைசரிடம் கேட்டு, அவர் சொல்வதை அந்த அட்டையிலேயே எழுதச் சொல்லுங்கள்.

கடைசியாக, இப்போது வந்திருக்கும் புதிய பேரிங்குக்கு எத்தனை நாள் வாரண்டி என்பதைக் கடைக்காரரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். மாற்றித் தந்த பாகத்துக்குப் பழைய வாரண்டியில் மீதியுள்ள காலம் மட்டுமே என்று பல அட்டைகள் சொல்கின்றன. உங்கள் அட்டையும் அப்படியென்றால் உங்களுக்கு இன்னும் ஒரு மாதமே இருக்கிறது. பழைய அட்டையின் பின்புறத்தில் மாற்றிய தேதியையும் அன்றைய கிலோமீட்டர் கணக்கையும் எழுதிக் கடை முத்திரையோடு வாங்கிக்கொண்டு, அந்த மாதம் முடிவதற்குள் ஒருமுறை நீண்ட தூரம் ஓட்டிப் பாருங்கள். கிளட்ச்சை மிதிக்கும்போது சிறு சத்தம் கேட்டாலும், அன்றே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.